பாதி திறந்த வால்வு எத்தனை நாள் தாங்கும்?

வந்தாறுமூலை, பட்டறைக்காரர்:

உழவு இயந்திரப் பெட்டி, மில்லில் நெல் கொட்டும் தொட்டி, தண்ணீர் பவுசர் என்று பழைய இரும்புக்கு மணல் அடித்துப் பெயிண்ட் பூசுவதுதான் என் தொழில். மணல் என்று பேருக்குச் சொல்வது, அடிப்பது கார்னெட் என்ற கடினமான கல்லின் மணிகள். இரண்டு வருடத்துக்கு முன், கார்னெட்டை நிரப்பிக் காற்றின் அமுக்கத்தால் ஹோஸுக்குள் தள்ளும் 200 லீற்றர் தாங்கி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கார்னெட்டை அளந்து விடும் அடிவால்வு அதில் இல்லை. விற்றவர் கழற்றி வைத்துக்கொண்டாரோ என்னவோ. ஹாட்வெயார் கடையில் ஒன்றேகால் அங்குலப் பித்தளை 'போல் வால்வு' (துளையிட்ட உருண்டை உள்ளே திரும்பித் திறக்கும் வகை) ஒன்றை வாங்கிப் பூட்டினேன்.

முழுதாகத் திறந்தால் கார்னெட் குபுகுபுவென்று கொட்டி ஹோஸ் திணறும். கைப்பிடியைக் கால்வாசிக்கு வைத்தால்தான் சீராக வந்தது. நாலாம் நாள் மூடினாலும் கசியத் தொடங்கியது. பத்தாம் நாள் வால்வின் பக்கச்சுவரே ஓட்டையாகி, உஸ் என்று பீறிட்ட கார்னெட் உதவிக்கு நின்ற பையனின் பூட்ஸைக் கிழித்தது. நல்லவேளை, கால் தப்பியது.

மறுகா ஸ்டெயின்லஸ் வாங்கினேன். அது மூன்று கிழமை ஓடியது. லேத் பாஸிடம் கொடுத்து நடுவால் வெட்டிப் பார்த்தோம். உருண்டையின் ஓர் ஓரம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் போயிருந்தது, அதற்கு நேரெதிரே சுவரில் பள்ளம். மற்றப் பக்கம் புதிது போலப் பளபளக்கிறது. கார்னெட் அடிக்கிறவர்கள் வேறு யாராவது இதைக் கண்டிருக்கிறீர்களா?

ஓட்டமாவடி, வளைகுடாவில் கப்பல் பட்டறையில் 11 வருடம்:

தம்பி, தேய்ந்த வால்வைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தேயாத வால்வு எப்படி இருந்தது? கொம்ப்ரசர் காற்று இரண்டாகப் பிரிகிறதல்லவா? ஒன்று தாங்கிக்குள் போகும். மற்றது வெளியால் சுற்றி வந்து, அடியில் கார்னெட் விழும் இடத்தில் சேரும். அந்தச் சுற்றுக்குழாயில் ஒரு வால்வு இருக்கும். அதைப் பாதி மூடி வைத்திருந்தீர்களா?

வந்தாறுமூலை:

ஓம் காக்கா. அதைக் கொஞ்சம் மூடினால்தான் கார்னெட் நன்றாக இறங்கும் என்று தாங்கியை விற்றவர் சொல்லித் தந்தார்.

ஓட்டமாவடி:

உங்கள் பித்தளையையும் ஸ்டெயின்லஸையும் தின்றது அந்தப் பாடம்தான். சுற்றுக்குழாய் முழுதாகத் திறந்திருந்தால் தாங்கிக்குள்ளும் அடியிலும் ஒரே அமுக்கம். கார்னெட் தன் பாரத்தில், ஓட்டை மூடையில் நெல் சொரிவதுபோல் மெதுவாக விழும். பாதி மூடினால் அடியில் அமுக்கம் குறைந்துவிடும். உள்ளே சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல், கீழே 90 என்று வையுங்கள். அந்தப் பத்து இறாத்தலும் கார்னெட்டைப் பிடித்து இடுக்கு வழியே சுடும். அது கூடிப்போகிறதென்று நீங்கள் அடிவால்வை இன்னும் ஒடுக்குவீர்கள், இடுக்கு இன்னும் சின்னதாகும். வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் நாலு மடங்குக்கும் மேல் போகும். அந்தச் சுற்றுக்குழாய் வால்வுக்கு இருப்பது ஒரே வேலை: அடைப்பு விழுந்தால் ஒரு கணம் மூடித் திறப்பது.

இன்னொன்று, 'போல் வால்வு' அளக்கிற சாமான் இல்லை. திறக்க, மூட, அவ்வளவுதான். அளப்பதற்கு ரப்பர்க் குழாயை வெளியிலிருந்து நசுக்கும் வால்வு போடுங்கள். ரப்பரில் மணி பட்டால் அது கொஞ்சம் உள்வாங்கித் திருப்பி எறியும், பித்தளை அப்படி விடாது. தேய்ந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்றலாம். காசிருந்தால் மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைட் பூட்டியது வாங்கலாம். சும்மா தண்ணீர் ஹோஸை வெட்டிப் பூட்டிவிடாதீர்கள், 100 இறாத்தலுக்கு வெடிக்கும்.

நிறுத்தும்போது முதலில் கார்னெட்டை மூடி, வெறும் காற்றைச் சில விநாடி ஓடவிட்டு, அப்புறம் காற்றை மூடுங்கள். வால்வின் வாய்க்குள் மணி இருக்கும்போதே மூடினால், அது மூடும் முகத்தில் நெரிந்து கோடு போடும்.

சம்மாந்துறை, அரிசி ஆலை பராமரிப்பு:

நான் கார்னெட் அடிப்பவன் இல்லை, ஆனால் இந்த நோய் எங்களிடமும் உண்டு. உமியை மென்மை என்று நினைப்பார்கள். அதை எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். உமியைக் காற்றால் தள்ளும் குழாய்கள் நேராக இருக்கும் இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும், வளைவில் போகத்துக்குப் போகம் ஓட்டை. ஒட்டு வைத்து ஒட்டு வைத்துக் களைத்துப்போய், வளைவுக்குப் பதில் ஒரு வாய் அடைத்த, T வடிவக் குழாய் போட்டேன். அடைத்த மூலையில் உமி நிறைந்து நிற்கும், வருகிற உமி அந்த உமியிலேயே மோதித் திரும்பும். இரும்பில் படுவது குறைவு. உங்கள் தாங்கிக்கு இது ஒத்துவருமா தெரியாது, தூசி இழுக்கும் குழாய்க்கு ஒத்துவரும்.

கல்முனை, லேத் வேலை:

எங்களிடம் அடிவால்வை விட அதிகம் வருவது, வேலை முடிந்ததும் தாங்கியின் காற்றை வெளியேற்றும் வால்வு. கொண்டு வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தாங்கியைக் கழுத்து வரை நிரப்புகிறீர்களா? ஓம் என்பார்கள். காற்று சீறிக்கொண்டு வெளியேறும்போது மேலே நிற்கும் கார்னெட்டையும் அள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் பாதிப் பிரச்சினை போய்விடும், எனக்கு வரும் வேலையும் போகும்.

ஹோஸின் நுனியில் கார்னெட் பாயும் நொசிலையும் பாருங்கள். எட்டில் மூன்று அங்குலத் துளை பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பெருத்துவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் காற்றுக் குடிக்கும். கொம்ப்ரசர் ஈடுகொடுக்காது, அமுக்கம் விழும், வேலை செய்பவர் வால்வைத்தான் நோண்டுவார்.

களுவாஞ்சிகுடி:

அண்ணன், கார்னெட் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. கடல் மணலைச் சலித்துக் காயவைத்து அடித்தால் என்ன?

ஓட்டமாவடி:

வேண்டாம் தம்பி. மணல் என்பது பெரும்பாலும் சிலிக்கா. உடைந்து மாவாகும் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் சுவாசப்பை இறுகிப்போகும், அதற்கு மருந்தில்லை. பிரித்தானியாவில் வார்ப்படங்களுக்கு மணல் அடிப்பதை 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டார்கள். கடல் மணலில் உப்பும் இருக்கும். இரும்பில் உப்புத் தங்கினால் மேலே பூசும் பெயிண்ட் கொப்பளிக்கும்.

வந்தாறுமூலை:

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நசுக்கு வால்வு போட்டேன், சுற்றுக்குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். முதல் நாள் கார்னெட் இறங்கவே இல்லை என்று பதறினேன். பார்த்தால், மாரி ஈரத்தில் மூடை கட்டியாகியிருக்கிறது. விற்றவர் சுற்றுக்குழாயை மூடச் சொன்னதும் இதற்காகத்தான் இருக்கும். ஈரக் கார்னெட்டை அமுக்கத்தால் தள்ளியிருக்கிறார். இப்போது காலையில் முதல் வேலை கொம்ப்ரசரின் தண்ணீரை வடிப்பது. தாங்கி வாயில் சல்லடையும் போட்டிருக்கிறேன். மூடை நூலும் பெயிண்ட் செதிலும் எவ்வளவு சிக்குகிறது என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ரப்பரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே லேசாகச் சொரசொரப்பு, அவ்வளவுதான்.

பையன் பழக்கதோஷத்தில் சுற்றுக்குழாய் வால்வைத் தொடக்கூடாது என்று கைப்பிடியைத் திறந்தபடியே கட்டுக்கம்பியால் கட்டிவைத்துவிட்டேன்.

ஓட்டமாவடி:

கம்பியை அவிழ்த்துவிடுங்கள். அடைப்பு விழுந்தால் குறட்டைத் தேடி ஓடப்போகிறீர்களா? முழுதாகத் திறந்த இடத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள்.

வந்தாறுமூலை:

கோடு போட்டாயிற்று, காக்கா. பையன்தான் போட்டான்.