மறு: பிலிபஸ்டருக்குத் தமிழில் என்ன? (பேச்சு, உரை இல்லாத ஒரு சொல்)

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது, நான் வேலையில் மாட்டிக்கொண்டதால் இன்று காலைதான் எல்லா மடலையும் மொத்தமாகப் படித்தேன். அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்குப் போகவிடாமல் தடுப்பதற்கு ஆங்கிலத்தில் பிலிபஸ்டர் என்று பெயர், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்தவை: நெடும்பேச்சு, தொடருரை, பேச்சிழுப்பு, முடக்குரை. அப்புறம் 'பிலிபஸ்டர் என்றே எழுதிவிட்டுப் போகலாமே' என்ற வழக்கமான கட்சி. முதல் நான்கிலும் பேச்சோ உரையோ உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

நானே இதில் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். 2021 மே மாதம், ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த ஜனவரி 6 கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைக்கும் மசோதா, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் முடங்கியது. அந்தச் செய்தியைத் தமிழாக்கும்போது 'குடியரசுக் கட்சியினர் மணிக்கணக்கில் பேசி மசோதாவைத் தடுத்தனர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூலத்தில் பிலிபஸ்டர் என்று இருந்தது, பிலிபஸ்டர் என்றால் விடிய விடியப் பேசுவது என்று மனதில் பதிந்திருந்தது, அவ்வளவுதான். உண்மையில் அந்த மசோதாவைப் பேசிப் பேசி யாரும் தடுக்கவில்லை. ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 35. மசோதா நகரவில்லை. 54 பெரியதா 35 பெரியதா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதினார். சரியான கேள்வி, என் வாக்கியத்தில் அதற்குப் பதிலே இல்லை.

பதில் இதுதான். 100 பேர் கொண்ட செனட்டில் மசோதா நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு போதும், ஆனால் அந்த வாக்கெடுப்புக்குப் போகவேண்டுமானால் முதலில் விவாதத்தை முடிக்கவேண்டும், அதை முடிக்க 60 பேர் வேண்டும். அன்றைக்கு நடந்தது மசோதா மீதான வாக்கெடுப்புகூட இல்லை. மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்பதற்கான வாக்கெடுப்பு. (இந்த வாக்கியத்தை நான்கு முறை மாற்றி எழுதினேன், இதற்கு மேல் எளிமையாகவில்லை.) 60 வராததால் மசோதா மீதான விவாதம் ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்காத விவாதத்துக்கு நெடும்பேச்சு என்று எப்படிப் பெயர் வைப்பது?

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 2025 மார்ச் 31 மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை கோரி புக்கர் என்ற செனட்டர் 25 மணி 5 நிமிடம் நின்றபடியே பேசினார். அங்கே பதிவான மிக நீண்ட பேச்சு அது. ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை என்பதால் அது பிலிபஸ்டர் கணக்கில் வராது. ஆக 'நெடும்பேச்சு' என்று வைத்தால் பிலிபஸ்டர் அல்லாததற்குப் பொருந்துகிறது, பிலிபஸ்டருக்குப் பொருந்தவில்லை.

ஒருகாலத்தில் பேச்சேதான் என்பது உண்மை. 1917 வரை விவாதத்தை முடித்துவைக்க செனட்டில் விதியே கிடையாது. வணிகக் கப்பல்களில் ஆயுதம் பொருத்தும் மசோதா பேச்சிலேயே கரைந்துபோய், ஜனாதிபதி வில்சன் கொதித்த பிறகுதான் 22ஆம் விதியில் அதற்கு வழி வந்தது. முதலில் மூன்றில் இரண்டு பங்கு, 1975இல் ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். ஆனால் ஆட்டத்தை மாற்றியது 1970களின் ஆரம்பத்தில் வந்த இரட்டைத் தடம்தான்: ஒரு மசோதா மறிபட்டுக் கிடந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு அவை வேறு வேலை பார்க்கலாம். அவை நிற்காதபோது எவன் தொண்டை வறளப் பேசுவான்? 'தடுக்கப்போகிறோம்' என்று சொன்னாலே போதும் என்று ஆகிவிட்டது. ஜனாதிபதி செய்யும் நியமனங்களுக்கு இந்த 60 வாக்கு வேலியை 2013இலும் 2017இலும் பிடுங்கிவிட்டார்கள், பட்ஜெட்டுக்குத் தனிப்பாதை உண்டு, மற்றபடி இன்றைக்கும் இதே கதைதான்.

1964ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் மசோதா. தென் மாநில உறுப்பினர்கள் முறை வைத்துப் பேசி 60 வேலை நாட்கள் இழுத்தார்கள். கடைசி இரவில் ராபர்ட் பேர்ட் மட்டும் 14 மணி 13 நிமிடம். ஜூன் 10 காலை விவாதத்தை முடிக்க வாக்கெடுப்பு, 67 தேவை. கலிபோர்னியாவின் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார், சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் திறக்க வரவில்லை, கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' என்ற வாக்குக்கும் ஒரே ஒலி, 'ஐ'. எண்ணிக்கொண்டார்கள். 71க்கு 29. 60 நாள் பேச்சை, பேச முடியாத ஒருவரின் விரலும் சேர்ந்துதான் முடித்துவைத்தது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> மூலச் சொல்லுக்குக் கொள்ளையர் என்று பொருள், அதிலிருந்து ஏன் ஆக்கக்கூடாது?

வேர் சரிதான். டச்சு மொழியில் கொள்ளைக்காரரைக் குறித்த சொல் ஸ்பானிய மொழி வழியாகச் சுற்றிவந்தது. 1850களில் வில்லியம் வாக்கர் மாதிரி, சொந்தப் படை திரட்டிக்கொண்டுபோய் நிகரகுவாவைப் பிடித்து 1856இல் ஜனாதிபதியாகவும் உட்கார்ந்துகொண்ட ஆட்களுக்கு அந்தப் பெயர். அவை நேரத்தைக் கொள்ளையடிப்பவன் என்று பிறகு திரிந்தது. ஆனால் இன்று ஆங்கிலம் பேசுபவருக்கே கொள்ளையன் நினைவுக்கு வருவதில்லை, நாம் ஏன் அவனைத் தோண்டி எடுக்கவேண்டும்? கொறடாவைப் பாருங்கள், சவுக்கு என்ற பொருளை மொழிபெயர்த்து வந்த சொல், இன்று கட்சிக் கொறடா என்றால் யாருக்கும் சவுக்கு தெரிவதில்லை. அது நிலைத்தது சொல் குறுகியதாகவும் வாயில் நிற்பதாகவும் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

மற்ற மொழிக்காரர்கள் தங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லாக்கினார்கள். பண்டைய ரோமில் கேட்டோ என்ற செனட்டர் பொழுது சாயும்வரை பேசி செனட்டைக் கலையவிட்டபோது அவர்கள் சொன்னது 'பகலைத் தீர்த்தல்'. ஜப்பானில் வாக்குப்பெட்டி வரை அங்குலம் அங்குலமாக நடந்து நேரத்தைக் கொல்வதற்குப் பெயர் 'மாட்டு நடை'. தென் கொரியச் சட்டத்தில் 'வரம்பில்லா விவாதம்'. 2016இல் எதிர்க்கட்சியினர் மாறி மாறி 190 மணி நேரத்துக்கும் மேல் பேசினார்கள். நெடும்பேச்சு கொரியாவுக்கு அழகாகப் பொருந்தும், அதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நம் கண்ணில் அன்றாடம் படுவது மறியல். சாலை மறியல், ரயில் மறியல். பத்துப் பேர் குறுக்கே உட்கார்ந்தால் நூறு வண்டி நிற்கும். வண்டியை யாரும் உடைப்பதில்லை, போகும் வழியை அடைக்கிறார்கள், அவ்வளவே. செனட்டில் நடப்பதும் அதுதான், மசோதா தோற்கவில்லை, வாக்கெடுப்புக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே என் பரிந்துரை வாக்கெடுப்பு மறியல், செய்தித் தலைப்புக்கு 'மசோதா மறியல்'. வினையும் கையோடு வருகிறது: மசோதாவை மறித்தார்கள், மறிக்கப்போவதாக எச்சரித்தார்கள். நெடும்பேச்சில் வினை செய்து பாருங்கள், 'நெடும்பேச்சு நிகழ்த்தி முடக்கினர்' என்று மூன்று சொல் ஆகும். நின்று பேசியே தடுத்தால் பேச்சு மறியல், வாய் திறக்காமல் தடுத்தால் பேசா மறியல். அந்த 60 வாக்குக்கு 'மறியல் நீக்கப் பெரும்பான்மை', அதைத் தரும் தீர்மானத்துக்கு 'விவாத முடிப்புத் தீர்மானம்'.

'அவை முடக்கம்' ஏன் கூடாது என்று கேட்டவருக்கு: அந்தச் சொல்லுக்கு நம் பத்திரிகைகளில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. மையப்பகுதிக்கு வந்து முழக்கமிட்டு, அவை ஒத்திவைக்கப்பட்டால் அது முடக்கம். இந்திய நாடாளுமன்றத்தில் அலுவல் ஆய்வுக் குழு நேரம் ஒதுக்கிவிடும், நேரம் தாண்டினால் மணி அடிக்கும், பேசியே தடுக்க இடமில்லாததால்தான் கூச்சல். செனட்டில் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பவேண்டாம்.

> மறியல் எண்டால் எங்களுக்குச் சிறை. மறியல் வீடு, விளக்கமறியல் எல்லாம் அதுதான்.

யாழ்ப்பாண நண்பர் இதைத் தனிமடலில் அனுப்பியிருந்தார், அனுமதி கேட்டு இங்கே போடுகிறேன். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 'மசோதா' என்று முன்னொட்டு வந்தால் யாரும் சிறை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது என் ஊகம்தான். தவிர, அங்கே மசோதா என்றும் சொல்வதில்லை, சட்டமூலம் என்பார்கள். 'சட்டமூல மறியல்' அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேராவது சொல்லட்டும். ஞாயிறு வரை பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுகிறேன். அதுவரை நெடும்பேச்சைத் தயவுசெய்து யாரும் விக்சனரியில் போட்டுவிடாதீர்கள்.