மீன் கல்லில் உரசினால் உடனே மருந்தா, முதலில் தண்ணீர்ச் சோதனையா?

கண்ணாடிச்சுவர்:
வணக்கம். 100 லிட்டர் தொட்டி. பிளாட்டி, கோரி மீன்கள் ஏற்கெனவே இருக்கின்றன, போன வாரம் மோலி மீன்களைச் சேர்த்தேன். இப்போது இரண்டு மோலிகள் கல்லிலும் ஃபில்டர் குழாயிலும் உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடுகின்றன. துடுப்பை விரிக்காமல் ஒடுக்கியே வைத்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு மூச்சு வாங்குகிறது. வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை, தீனி எடுக்கின்றன. ஒட்டுண்ணியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கையில் மெத்திலீன் புளூ மருந்து இருக்கிறது, ஊற்றிவிடலாமா?

ஓடைக்கரை:
தாமதிக்காதீர்கள். புதிய மீன் வந்த வாரத்திலேயே உரசல் தொடங்கினால் அது கூடவே கொண்டுவந்ததாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். புள்ளி தெரியவில்லை என்பதில் எந்த ஆறுதலும் இல்லை. வெண்புள்ளி நோய்க் கிருமி செவுளில் மட்டும் உட்கார்ந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வளர்ந்து முடிந்ததும் மீனை விட்டு உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிரியும். புள்ளி தெரியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கூட்டம் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கிவிடும். ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றுங்கள், லிட்டருக்கு 2 கிராம் உப்பு போடுங்கள், மருந்தையும் ஆரம்பியுங்கள்.

செவுள்:
தயவுசெய்து பொறுங்கள். பிரதான தொட்டியில் மெத்திலீன் புளூ வேண்டவே வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் இருக்கிறது, அதை இது பாதிக்கும். அப்புறம் அம்மோனியா ஏறும், அம்மோனியாவாலும் மீன் இதே மாதிரிதான் உரசும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், மீன் போய்விடும். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றும் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.

கண்ணாடிச்சுவர்:
இப்போதுதான் பார்த்தேன். அம்மோனியா 0.5, நைட்ரைட் 0, பி.எச். 8.

செவுள்:
அதுதான் கேட்டேன். பி.எச். 7-இல் 0.5 என்றால் இவ்வளவு பதற மாட்டேன். 8-இல் அதே 0.5-க்குள் நச்சான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. வெப்பத்தை ஏற்றினால் இன்னும் கூடும், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு 30 டிகிரி என்பது சிகிச்சையே இல்லை. உப்பும் இங்கே உதவாது. நைட்ரைட் இருந்தால் உப்பிலுள்ள குளோரைடு அது செவுள் வழியாக ஏறாமல் தடுக்கும். உங்களுக்கு நைட்ரைட் 0. மோலி உப்பைத் தாங்கும், கோரி அவ்வளவு தாங்காது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கி மறக்காமல் போடுங்கள், ஏர்பம்ப்பைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள்.

ஓடைக்கரை:
தண்ணீர் மாற்றுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பாருங்கள். தண்ணீர்தான் காரணம் என்றால் பிளாட்டியும் கோரியும் ஏன் சும்மா இருக்கின்றன? எல்லாம் ஒரே தண்ணீரில்தானே நீந்துகின்றன. புதிதாக வந்ததில் இரண்டு மட்டும் உரசுகிறது என்றால் அது மீனோடு வந்த பிரச்சினை. "எண் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே செவுள் புழுவுக்கு நேரம் கொடுக்கிறோம். செவுள் இழை ஒருமுறை சிதைந்தால் மருந்து கொடுத்தாலும் மீன் தேறுவது கஷ்டம். எல்லார் வீட்டிலும் நுண்ணோக்கியா இருக்கிறது?

செவுள்:
நியாயமான கேள்வி, அந்தத் தடயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ஒட்டுண்ணி மருந்து" என்று ஒரே மருந்து கிடையாது. வெண்புள்ளிக்குத் தரும் மருந்துகள் பல செவுள் புழுவைத் தொடாது. புழுவுக்கான பிராசிகுவாண்டல் வெண்புள்ளியை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் ஹெக்ஸாமிட்டாவுக்கு மெட்ரோனிடசோல், ஆசனவாயில் சிவப்பு நூலாகத் தொங்கும் கமலானஸுக்கு லெவமிசோல். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போதே நோய் இன்னதென்று தீர்மானித்துவிடுகிறோம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

பாசிப்பச்சை:
நுண்ணோக்கி இல்லாமலே பார்க்கக்கூடியவை சில உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். முதுகில் தங்கத் தூள் தூவியது போல மின்னினால் வெல்வெட் நோய், அதுவும் ஒட்டுண்ணிதான். மூச்சு வாங்கும் மீனை நேர் எதிரே நின்று பாருங்கள். ஒரு பக்கச் செவுள் மூடியை இறுக்கி வைத்து மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டால் செவுள் புழு மேல் சந்தேகம் வலுக்கும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயும் இல்லை. ஆண் தங்கமீனின் செவுள் மூடியில் இனப்பெருக்கக் காலத்தில் வரும் வெள்ளைப் புடைப்பைப் பார்த்துவிட்டு மருந்து ஊற்றுகிறவர்கள் ஏராளம். வெண்புள்ளி நோயின் புள்ளி, வெதுவெதுப்பான தொட்டியில் சில நாளில் உதிர்ந்துவிடும். வாரக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் அது வேறு.

சாதாரணப் பள்ளி நுண்ணோக்கி கிடைத்தாலும் போதும். நனைந்த கையால் மீனைப் பிடித்து, கண்ணாடி வில்லையின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக மேல்சளியை லேசாக வழித்து, ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரில் வைத்து 40 மடங்கில் பாருங்கள். உருண்டையாக மெல்லச் சுழன்றுகொண்டு, உள்ளே குதிரை லாடம் போன்ற உட்கரு தெரிந்தால் வெண்புள்ளி. நீண்டு சுருங்கி, ஒரு முனையில் கொக்கியோடு பிடித்திருந்தால் தட்டைப்புழு, செவுள் புழு இந்த வகைதான். கொஞ்சம் பெரிதாக்கினால் தலைப் பக்கம் நான்கு கண்புள்ளிகள் தெரியும், அது டாக்டிலோகைரஸ். அதற்கு பதிலாக வயிற்றில் குட்டியும் குட்டிக்குள் இன்னொரு குட்டியும் தெரிந்தால் கைரோடாக்டிலஸ். இந்த வித்தியாசம் வெறும் அறிவுக்காக இல்லை. டாக்டிலோகைரஸ் முட்டையிடும், முட்டையை மருந்து கொல்லாது.

கண்ணாடிச்சுவர்:
தண்ணீர் மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். அம்மோனியா இப்போது 0. மற்ற மோலிகளெல்லாம் துடுப்பை விரித்துவிட்டன. மூச்சு வாங்கிய அந்த ஒன்று மட்டும் இன்னும் உரசுகிறது, இடது செவுள் மூடியைத் திறக்கவே இல்லை. டார்ச்சில் தூள் எதுவும் மின்னவில்லை. நுண்ணோக்கிக்கு வழியில்லை.

ஓடைக்கரை:
இனிமேலும் காத்திருக்கச் சொல்வீர்களா செவுள்?

செவுள்:
இல்லை, இப்போது பிராசிகுவாண்டல் கொடுக்கலாம். தண்ணீர் சரியான பிறகும் நிற்கும் அறிகுறி, ஒரு பக்கச் செவுள், தூள் இல்லை. இது போதுமான காரணம். ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அது பெரிய கெடுதல் செய்யாது. தண்ணீரைச் சரி செய்யாமல் முதல் நாளே ஊற்றியிருந்தால் எது எதனால் குணமானது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓடைக்கரை:
முதல் நாளே தண்ணீரையும் மாற்றி பிராசிகுவாண்டலும் போட்டிருந்தால் அந்த மீன் இரண்டு நாள் கூடுதலாகத் திணறியிருக்காது. காரணம் தெரிவதைவிட எனக்கு அது முக்கியம். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. சரி, இன்னொன்று: அந்த ஒரு மீனைத் தனியே எடுத்து மருந்து கொடுக்காதீர்கள். முட்டையிடும் புழுவாக இருந்தால் முட்டை தொட்டியில் இருக்கும். தொட்டி முழுவதற்கும் கொடுங்கள்.

பாசிப்பச்சை:
நானும் தொட்டி முழுக்க என்றுதான் சொல்வேன். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். மருந்துத் தூள் லேசில் கரையாது. கொஞ்சம் தண்ணீரில் போட்டு மூடி நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். அளவு பெட்டியில் இருப்பதுதான், ஆனால் கல்லும் மணலும் எடுத்துக்கொண்ட இடத்தை 100 லிட்டரில் கழித்துக் கணக்கிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை, இடையில் பொரித்த குஞ்சுகளுக்காக. தொட்டி குளிர்ந்திருந்தால் முட்டை பொரிய நேரமாகும், இடைவெளியையும் கூட்ட வேண்டும்.

கண்ணாடிச்சுவர்:
வெப்பம் 26 டிகிரி. கார்பன் இருந்தது, எடுத்துவிட்டேன். இன்றிரவே கொடுக்கிறேன். இரண்டாவது முறைக்கு முன்னால் தண்ணீர் மாற்ற வேண்டுமா?

செவுள்:
மாற்றுங்கள், கால் பங்கு. அடிமணலையும் உறிஞ்சி எடுங்கள், விழுந்த முட்டையில் கொஞ்சமாவது வெளியே போகும். தினமும் அம்மோனியா பாருங்கள்.