அங்கயற்கண்ணியா, அங்கையற்கண்ணியா? பெயர்ப் பதிவுக்கு முன் ஒரு சந்தேகம்

கேள்வி (திருமங்கலம்):
எங்கள் மகளுக்கு என் அப்பத்தாவின் பெயரையே வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் அப்பத்தாவின் ரேஷன் கார்டில் ‘அங்கையற்கண்ணி’ என்றும், பழைய கிரையப் பத்திரம் ஒன்றில் ‘அங்கயற்கண்ணி’ என்றும் இருக்கிறது. இவற்றில் எது சரி? ‘கண்ணி’ என்றால் பறவை பிடிக்க வைக்கும் பொறியாயிற்றே என்று என் மாமியார் வேறு தயங்குகிறார். இது மீனாட்சி என்பதன் வெறும் மொழிபெயர்ப்புதானா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (மேலூர்):
வணக்கம் தம்பி. அம் + கயல் + கண்ணி என்று பிரித்தால் பொருள் விளங்கிவிடும். ‘அம்’ என்றால் அழகிய. கயல் கெண்டை மீன். கண் என்பதோடு இகர விகுதி சேர்ந்து ‘கண்ணை உடையவள்’ என்றாகிறது. ஆகவே இங்கே பொறிக்கு வேலையில்லை. நாகப்பட்டினத்து நீலாயதாட்சிக்குக் கருந்தடங்கண்ணி என்று பெயர் வழங்குவதும் இதே அமைப்பில்தான் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

எழுத்தைப் பொறுத்தவரை, ‘அங்கயற்கண்ணி’யே நேரான வடிவம். எனினும் ச, ஞ, ய ஆகிய எழுத்துகளுக்கு முன் அகரமும் ஐகாரமும் ஒன்றுக்கொன்று போலியாக, அதாவது பொருள் மாறாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வரும் என்று நன்னூல் சொல்வதால், ‘அங்கையற்கண்ணி’ என்பதைப் பிழையென்று ஒதுக்க முடியாது. ஆனால் அதை ‘அங்கை’ என்று உடைத்து, உள்ளங்கையோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் விளக்கங்கள் பொருந்தாதவை.

மீனாட்சி என்பதும் மீன் போன்ற கண்ணுடையவள் என்ற பொருளையே தருகிறது. அதற்காக அங்கயற்கண்ணியை அண்மையில் யாரோ தமிழாக்கிய பெயரென்று எண்ண வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியைப் போற்றும் மதுரை ஆலவாய்ப் பதிகத்திலேயே இறைவியை இப்பெயரால் பாடியிருக்கிறார். கயல் பாண்டியரின் கொடிச் சின்னமும் ஆதலால், நம் மதுரைக்கு இதைவிடப் பொருந்திய பெண் பெயர் இல்லை என்பது என் கருத்து.

பதில் (சிம்மக்கல்):
கயல்விழி என்று வைத்தாலும் பொருள் ஏறக்குறைய அதுதானே, எழுதவும் எளிதாயிற்றே?

கேட்டவர்:
அதையும் யோசித்தோம் அண்ணா. பொருள் கிடைத்தாலும் அப்பத்தாவின் பெயர் போய்விடுமே.

பதில் (மேலூர்):
பிறந்து 12 மாதங்களுக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணமில்லை. பதிந்த பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல என்பதால், சான்றிதழை வாங்கிய இடத்திலேயே ‘ற்’ விடுபடாமல் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள். ஆங்கில எழுத்துகளில் எப்படி எழுதுவது என்பதையும் முன்னதாகவே முடிவு செய்து, ஆதார் முதல் பள்ளிச் சேர்க்கை வரை அதையே கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பத்திரத்தில் உள்ளபடி ‘அங்கயற்கண்ணி’ என்றே பதிய இருக்கிறோம், மாமியாரும் சம்மதித்துவிட்டார்.