கரட்டு மேல் ஆஞ்சநேயர்: எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது எப்படிங்க?

கரட்டடியான்:
காவிரிப் படித்துறையைப் பார்த்தபடி கரட்டு உச்சியில் நிற்கும் பழைய கருங்கல் ஆஞ்சநேயருங்க. ஒன்பதடி உயரம். நாமக்கல்லில் 18 அடியில் நிற்கிறவர் மாதிரியே இவருக்கும் கூரை கிடையாது. எண்ணெயும் கற்பூரப் புகையும் ஏறி, கூப்பிய கைகளில் விரல் பிரிவே தெரிவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் ஆசிட் ஊற்றிக் கழுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமுங்களா?

உளிச்சத்தம்:
ஆசிட் வேண்டவே வேண்டாமுங்க. கருங்கல்லில் மினுங்கும் கறுப்பு அப்பிரகத்தில் (மைக்கா) இரும்பு இருக்கு. ஆசிட் பட்டால் அது துருக்கறையாக வெளியே வரும். காஸ்டிக் சோடா துளைகளில் தங்கி, உப்பாகப் பூத்து, மேல்தோலைப் பொருக்காக உரித்துவிடும். கம்பி பிரஷ்ஷும் கூடாது. மணல் பீய்ச்சுவது எல்லாத்தையும் விட மோசம்: புருவமும் நகமும் மழுங்கினால் மழுங்கினதுதான்.

தடித்த பிசுக்கை மூங்கில் சிம்பால் நெம்பி எடுங்க. பிறகு அரப்புத்தூள் 2 பங்கு, பச்சரிசி மாவு 1 பங்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, வெயில் ஏறும் முன் பூசுங்க. காய்ந்துவிடாமல் ஈரத்துணி போர்த்தி, அரை மணி கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவணும். முதலில் முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பாருங்க.

திருப்பணி:
அரப்பு புது எண்ணெய்க்குத்தான் கேட்கும். வருசக்கணக்கில் இறுகி வார்னிஷ் மாதிரி ஆன நல்லெண்ணெய்க்குப் பத்து போடணும். முல்தானி மட்டியில் நிறமில்லாத திரவ சோப்பு சில சொட்டு விட்டுக் களியாகக் குழைத்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பாலிதீன் சுற்றி ஓர் இரவு விடுங்க. மறுநாள் பாலிதீனை எடுத்துத் தானாகக் காயவிடுங்க. காயும்போதுதான் மண் எண்ணெயை இழுக்கும். மூன்று நான்கு தடவை ஆகும்.

பீடத்தில் கொதிநீர் படவே கூடாது. சிலையைப் பீடத்தோடு ஒட்டி நிறுத்தும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கும் தேன்மெழுகும் சேருது; மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும். மருந்து இளகினால் தண்ணீர் அடியில் இறங்கி, சிலை ஆட்டம் காணும்.

கரட்டடியான்:
பாதத்தைச் சுற்றி மருந்து இப்பவே விண்டு போயிருக்குங்க. நகம் நுழையுது.

உளிச்சத்தம்:
அப்படின்னா மேலே பூசி ஒப்பேத்த முடியாது. பாலாலயம் செய்து (திருப்பணி முடியும்வரை சாமியின் சக்தியை வேறோர் உருவுக்கு மாற்றி வைத்து), பழைய மருந்தை முழுக்க எடுத்துவிட்டுப் புது மருந்து சாத்தணும். எருமை வெண்ணெய் விட்டு இடிக்க இடிக்கத்தான் இழைந்து வரும். திரியாக உருட்டினால் வெடிப்பு விழக்கூடாது. அறநிலையத்துறைக் கோயிலாக இருந்தால் அனுமதி வாங்கின பிறகே சிலையில் கை வைங்க. இனிமேல் எண்ணெய்க்காப்பு சாத்தினால், அன்றைக்கே அரப்புப் போட்டு எடுத்துவிடுங்க.