மறுமொழி: ‘பாட்டில்நெக்’ – பாடக்குறிப்புக்குச் சொல் வேண்டும்

லாஸ்பேட்டையிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பழைய விளையாட்டுக் கணினியைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது பற்றிய என் வகுப்புக் குறிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாணவர் ஒருவரிடம் 2014-இல் வெளிவந்த ஐ5-4460 நுண்செயலி இருக்கிறது. சேர்த்த பணம் முழுவதையும் போட்டு ஆர்டிஎக்ஸ் 3060 வரைகலை அட்டையை வாங்கி மாட்டியும் விளையாட்டில் திக்கல் போகவில்லை. பார்த்தால், நுண்செயலியின் நான்கு கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) நூறு விழுக்காட்டில் திணறுகின்றன. வரைகலை அட்டைக்கோ பாதி வேலைகூட இல்லை. ஓர் உறுப்பின் வேகக்குறைவு மற்றதையும் காக்கவைக்கும் இந்நிலையை ஆங்கிலத்தில் ‘பாட்டில்நெக்’ (புட்டிக்கழுத்து) என்கிறார்கள். நான் ‘முட்டுக்கட்டை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
பொருந்தாது, ஐயா. தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேரை நிறுத்தவும் திருப்பவும் ஆள் வேண்டுமென்றே இடுவது அது. இங்கே நுண்செயலி எதையும் தடுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் மூச்சிரைக்க உழைப்பதே அதுதான். ‘மிடறு’ என்பது என் பரிந்துரை. புறநானூறு 55-இல் வரும் ‘கறைமிடற்று அண்ணல்’ (கழுத்தில் கறையுடைய சிவன்) நினைவிருக்கும். கழுத்துக்கும், ஒரு விழுங்கில் அதன்வழி இறங்கும் அளவுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது இதற்காகவே காத்திருந்ததுபோல் இல்லையா? ‘அடை’ சேர்த்தால், உயிர்த்தொடர்க் குற்றியலுகரமாதலின் றகரம் இரட்டித்து ‘மிடற்றடை’ ஆகும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
‘மிடற்றடை’ என்றால் பிள்ளைகள் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்பார்கள். பிரெஞ்சிலும் இது ‘குலோ தெத்ராங்கில்மான்’, அதாவது நெரிக்கும் புட்டிக்கழுத்துதான். ஆனால் அவர்கள் புட்டியை விட்டுவிடவில்லை. கடைக்காரரும் வாங்குபவரும் ‘பாட்டில்நெக்’ என்னும்போது நமக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு? ப்ராசசரை முன்பு ‘செயலி’ என்றோம். இன்று அது கைப்பேசி ஆப்புக்குப் போய்விட்டதால் ‘நுண்’ ஒட்டிக்கொண்டு திரிகிறோம்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து:
வீராணம் ஏரி 47.5 அடி முழுமட்டத்தில் நின்றாலும், மதகின் கண் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வாய்க்காலுக்கு. ஆகவே ‘குறுமதகு’ என்கிறேன். இந்தக் குறை ஒரே உறுப்போடு ஒட்டியிருப்பதும் இல்லை. 1080 திரைத் தெளிவில் நுண்செயலி குறுமதகு. அதே விளையாட்டை அதைவிடக் கூடிய 4கே தெளிவில் ஓட்டினால் வரைகலை அட்டை குறுமதகாகிவிடும். ‘ஆகிவிடும்’ என்று சொல்ல இடம்தருகிற சொல்லே வேண்டும். குறிப்பில் இதையும் சேருங்கள்: அதே தாய்ப்பலகைச் சாக்கெட்டில் பொருந்தும் பழைய ஐ7-4790 நுண்செயலிக்கு நான்கு கோர், எட்டு இழை (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைத்தொடர்). ஒற்றை 8 ஜிபி நினைவகத்துக்கு இணையாக இன்னொன்று போட்டால் தரவு போய்வர இரட்டைத் தடம் கிடைக்கும். 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும் என்பதால் மின்வழங்கியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
மதகைத் திறக்கலாம், மூடலாம். நுண்செயலிக்குக் கதவு ஏது? தமிழில் மதகுக்குத் ‘தூம்பு’ என்ற சொல்லும் இருப்பதை நினைவூட்டுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:
இரவு பதினொன்றாகிவிட்டது. குறுமதகுக்கு என்னையும் சேர்த்து இருவர், மிடற்றுக்கு ஒருவர், முத்தியால்பேட்டை அம்மாவுக்கு எதுவானாலும் சரி. ‘குறுமதகு’ என்று போட்டு, அருகிலேயே ‘பாட்டில்நெக்’ என்றும் எழுதிவிடுகிறேன். அந்த மாணவர் வகுப்பில் சொன்னது என்னவோ, “ப்ராசசர் பத்தல சார்” என்பதுதான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
அச்சுக்கு அனுப்புமுன் ஒரு நிமிடம், ஐயா. ‘பத்தல’ என்பது ‘பற்றவில்லை’ என்பதன் மரூஉ. ‘பற்றாமை’ என்று ஏன் வைக்கக்கூடாது?