காலையில் சரியாகத் திரும்பிய ரோபோ மதியம் ஏன் திரும்பவில்லை?

கேள்வி (கணக்கு டீச்சர்):
ஏழாம் வகுப்புக்குக் கோடிங் எடுக்கிறேன். இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம் உள்ள சின்ன ரோபோ. ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான நிரல் மொழி போலக் கட்டளைகளை அடுக்கினால் ஓடும். இந்த வாரம் தரையில் சதுரம் போட வைத்தோம்: முன்னால் 2 விநாடி, வலப்பக்கம் 0.6 விநாடி, நான்கு முறை.

காலையில் கச்சிதமாக வந்தது. மதியம் அதே நிரலுக்குச் சதுரம் மூடவே இல்லை. ஒரு மாணவி 0.6ஐ 0.7 ஆக்கிச் சரிசெய்தாள். மறுநாள் சார்ஜ் ஏற்றி வைத்தால் 0.7 அதிகமாகிவிட்டது. "மிஸ், அப்போ நான் எழுதினது எல்லாமே தப்பா?" என்று கேட்டாள். இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை. பேசாமல் ரோபோவை விட்டுவிட்டுக் கணினித் திரையிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாமா?

பதில் 1:
பேட்டரிதான் டீச்சர். மின்னழுத்தம் இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதே 0.6 விநாடியில் குறைவாகத்தான் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் 10 டிகிரி குறைந்தால் நான்காவது மூலையில் 40 டிகிரி போச்சு.

பதில் 2 (ரோபோ கிளப் நடத்துபவர்):
திரைக்குப் போய்விடாதீர்கள். அந்தப் பெண் எழுதியது தப்பில்லை என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். அவள் மனசில் இருந்தது 90 டிகிரி. ரோபோவிடம் சொன்னது 0.6 விநாடி. 1967இல் வந்த லோகோ என்ற பிள்ளைகளுக்கான நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் 'ஆமை'யிடம் 'வலப்பக்கம் 90' என்று கோணத்தைத்தான் சொல்வார்கள், நேரத்தை அல்ல.

சக்கரத்தின் விட்டத்தையும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பிள்ளைகளே ஸ்கேல் வைத்து அளக்கட்டும். விட்டம் 6.5 செ.மீ., இடைவெளி 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரோபோ நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்ப, ஒவ்வொரு சக்கரமும் 13 செ.மீ. வட்டத்தில் கால் பங்கு போக வேண்டும், அதாவது சுமார் 10.2 செ.மீ. சக்கரத்தின் சுற்றளவு 20.4 செ.மீ. சரியாக அரைச் சுற்று! உங்கள் பாடமும் கணக்குதானே, விடாதீர்கள்.

சுற்றை எண்ண, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மோட்டார் அச்சில் துளையிட்ட வட்டத்தகடு மாட்டுவார்கள், கடந்துபோகும் துளைகளை ஒரு சென்சார் எண்ணும். 20 துளை இருந்தால் அரைச் சுற்றுக்கு 10. 'விநாடி காத்திரு' என்பதை எடுத்துவிட்டு, 'எண்ணிக்கை 10 ஆகும்வரை திரும்பு' என்று எழுதச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கினால் நேரம்தான் கூடும், கோணம் மாறாது. வேகத்தைக் குறையுங்கள், நிற்கும்போது ஒரு துளை தாண்டினாலே 9 டிகிரி.

பதில் 3:
நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பீ-பாட் வைத்து நடத்துகிறேன், முதுகில் உள்ள அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தினால் ஓடும் தேனீ வடிவ ரோபோ அது. அங்கேயும் சிக்கல் திருப்பத்தில்தான். வலது அம்புக்குறியை அழுத்தினால் பக்கத்துக் கட்டத்துக்கு நகரும் என்று நினைக்கிறார்கள். அதுவோ நின்ற இடத்திலேயே திரும்பும். ஒரு பிள்ளையை ரோபோவாக நிற்க வைத்து மற்றவர்கள் கட்டளை கொடுத்தால் பளிச்சென்று புரிந்துவிடுகிறது. பெரிய வகுப்புக்கும் இதைச் செய்து பாருங்கள்.

கணக்கு டீச்சர்:
மூவருக்கும் நன்றி. துளைத்தகடு எங்கள் பெட்டியிலேயே பிரிக்காத பையில் கிடந்தது. அவளையே மாட்டச் சொன்னேன். முதல் ஓட்டத்தில் 11க்குப் போய்விட்டது. வேகத்தைப் பாதியாக்கியதும் 10இல் நின்றது. அதைத் தனிக் கட்டளையாக்கி 'வலம் 90' என்று பெயர் வைத்திருக்கிறாள். காலையும் மதியமும் புறப்பட்ட இடத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்துக்குள் வந்து நிற்கிறது.

அப்புறம் வழவழப்பான தரையில் விட்டுப் பார்த்தாள். "சக்கரம் வழுக்கினா துளை மட்டும் எண்ணிக்கிட்டே போகுமே மிஸ், ரோபோ திரும்பாதே?" என்றாள். அடுத்த வாரம், தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ரோபோ போக உதவும் சென்சாரை எடுக்கிறோம்.