தியானத்தில் வரும் ஒட்டாத உணர்வு: வைராக்கியமா (பற்றின்மையா), கோளாறா?

சாட்சிபாவம்:
"உடம்பு என்னுடையது இல்லை, எண்ணங்கள் யாருக்கோ ஓடுகின்றன" என்று தியானத்தில் தோன்றினாலே மருத்துவரைப் பார் என்கிறார்கள். விலகி நின்று பார்க்கத்தானே உட்காருகிறோம்? 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடே, தியானத்தில் விரும்பி வரவழைத்துக்கொள்ளும் இந்த நிலையை நோயாகக் கொள்ளக்கூடாது என்கிறது.

குறிஞ்சி:
அதை அடுத்தே இன்னொன்றும் சொல்கிறது. விரும்பி வரவழைத்தவர்களில் சிலருக்குப் போகப்போக அது கட்டுக்குள் நிற்பதில்லை. பயிற்சி என்றாலே பயமும் வெறுப்பும் வந்துவிடுகிறது. நான் பேசுவது அவர்களைப் பற்றி. எழுந்த பிறகும் உலகம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பது போல, தன் குரலே வேறு யாரோ பேசுவது போல இருந்தால் அது டீபெர்சனலைசேஷன்-டீரியலைசேஷன், அதாவது தன்னிடமிருந்தும் உலகத்திடமிருந்தும் அந்நியப்பட்டுப்போன உணர்வு. "போல" என்பது அவர்களுக்கே தெரியும், ஆகவே சித்தப்பிரமை அல்ல. அது நீடித்தோ திரும்பத் திரும்ப வந்தோ வேதனை தந்தால், அல்லது வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் கோளாறு.

சாட்சிபாவம்:
வேதனையை அளவுகோலாக்குவதை ஏற்க மாட்டேன். பௌத்தத்தின் விபஸ்ஸனா தியான மரபில் பயம், ஆதீனவம் (எதிலும் குறையைக் காண்பது), நிப்பிதா (சலிப்பு) என்று ஞானப் படிகளே உண்டு. பயந்ததும் இறக்கிவிட்டால் சாதகர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

வழிப்போக்கன்:
பயத்தை விடுங்கள், மரத்துப்போவதைப் பாருங்கள். உபேக்கைக்கு, அதாவது சமநிலை மனதுக்கு, மிக அருகில் இருக்கும் பகை என்று, அறியாமையில் பிறந்த அலட்சியத்தைத்தான் விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல் சொல்கிறது. பற்று தளர்ந்தவருக்குக் குழந்தையின் அழுகை கேட்டால் மனம் இளகும், எழுந்து போவார். மரத்தவருக்கும் அழுகை கேட்கும், இளக வேண்டும் என்பதும் தெரியும். உள்ளே ஒன்றும் அசையாது. அதைக் கண்டு அவரே கலங்குவார்.

குறிஞ்சி:
மனம் இளகுகிறதா, மரத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்த ஒட்டாத உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். வேக மூச்சுப் பயிற்சியில் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை லேசாகி எல்லாம் நிஜமற்றதாகத் தோன்றுகிறது. அதைச் சமாதி என்று எடுத்துக்கொள்வது பெரிய ஆபத்து. தூக்கம் கெட்டு நாள் முழுக்க உட்காரும் முகாம்கள், பழைய மன அதிர்ச்சி, கஞ்சா எல்லாமே இதைக் கிளப்பும். "இன்னும் இருக்கிறதா?" என்று அடிக்கடி உள்ளே பார்ப்பது அதை வளர்த்துவிடும்.

சாட்சிபாவம்:
மூச்சு விஷயத்தில் மறுப்பில்லை. அதற்காகத் தியானத்தையே விடச் சொல்வீர்களா?

குறிஞ்சி:
அறிகுறி தணியும்வரை "பார்ப்பவன் யார்" விசாரணையும் நீண்ட அமர்வும் வேண்டாம். இரண்டும் விலகலைக் கூட்டும். கண்ணைத் திறந்தபடி 10 நிமிடம் நடக்கட்டும்; கவனம் பாதம் தரையில் அழுந்துவதில் இருக்கட்டும். கையைக் குளிர்ந்த நீரில் வைக்கலாம். உணவும் தூக்கமும் நேரத்துக்கு வேண்டும். தணியாவிட்டால் மருத்துவர்தான். வலிப்பு நோயோ போதைப்பொருளோ காரணமா என்று அவர் முதலில் பார்ப்பார். இதற்கென்றே உறுதிப்பட்ட மருந்து இல்லை, பேச்சுவழிச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது.

சாட்சிபாவம்:
நடையும் தியானம்தான், அதனால் அதை ஏற்கிறேன். ஆனால் எதை நிறுத்துவது என்று ஆசான்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழிப்போக்கன்:
எத்தனை மணி நேரம் தூங்கினாய், சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆசான் என்றால் சரி. சாக வேண்டும் என்ற எண்ணம், யாரும் இல்லாமல் கேட்கும் குரல், இரவு இரவாகத் தூக்கமின்மை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆசானுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.